பெத்த கண்

புஷ்பராணி என் தங்கை. எனக்கென்று வாங்கியதெல்லாம் கடைசியில் அவளிடம்தான் போய்ச் சேரும். என் பச்சை ரிப்பன் போனது, என் முத்துத் தோடு போனது, கடைசியில் என் பிள்ளையும் போனாள். இதை இப்படிச் சொன்னால் என் கணவர் தேவராசாவுக்குக் கோபம் வரும்.

"தவம், வாய்க்கு வந்தபடி கதையாதை. அவள் இல்லையெண்டால் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும்?"

அது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் எனக்கு இன்னும் கூடப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்து நான்கில் அப்பாவின் செத்த வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து புஷ்பம் வந்தாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் கடையை எரித்திருந்தார்கள். ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று சுற்றி எங்கேயாவது போய்ச் சேரலாம் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். நாலு வயதுச் சுகந்தினியை அந்த வழியில் எப்படி இழுத்துக்கொண்டு போவது? "என்னோடை விடு அக்கா. ஒரு இடத்திலை காலூண்டினாப் பிறகு வந்து கூட்டிக்கொண்டு போ," என்றாள் புஷ்பம். அவளுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் கட்டி எத்தனையோ வருடம், போகாத கோயில் இல்லை. நான்தான் என் கையாலேயே பிள்ளையின் கையைப் பிடித்து அவள் கையில் வைத்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று நினைத்தது இரண்டு வருடமாக இழுபட்டது.

நாங்கள் காலூன்றிய இடம் டென்மார்க்கில் இக்காஸ்ட். துணித் தொழிற்சாலைகளால் பிழைக்கிற ஊர். நிலம் தட்டை, தெரு நேர், காற்று மட்டும் ஓய்வதில்லை. தேவராசாவுக்குச் சாயம் போடும் பகுதியில் வேலை, எனக்குப் பெனியன் கழுத்துத் தைக்கும் வேலை. பிள்ளை வந்து சேர்வதற்கான அனுமதி எண்பத்தாறு கோடையில்தான் கிடைத்தது. தேவராசாவுக்கு அந்த நேரம் லீவு கிடைக்கவில்லை. "நீ போய்க் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

போவதற்கு முன் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்தேன். தொழிற்சாலையில் மிஞ்சிய மஞ்சள் துணி, நல்ல மெத்தென்ற துணி. அளவுக்கு என்ன செய்வது? மேல்மாடிப் பவளராணியின் மகளுக்கும் அதே வயதுதான். அவளை நிற்க வைத்து அளந்து தைத்தேன். கழுத்தில் ஊசி நுனியளவு பிசகு இல்லை. அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஹேர்னிங்கில் ரயில் மாறி எஸ்பியர் துறைமுகத்துக்குப் போனேன், அங்கிருந்து கப்பலேறினேன். வடகடல் என்னை உலுப்பி எடுத்துவிட்டது. குடல் வெளியே வரும்போதும் சட்டை இருந்த பையை விடவில்லை.

ஹாரிச் துறைமுகத்தில் சுங்கக் கதவுக்கு வெளியே மூன்று பேர் நின்றார்கள். புஷ்பம், அவள் கணவர் இரத்தினசிங்கம், நடுவில் நெடுத்த ஒரு பிள்ளை. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, காதோடு வெட்டிய தலைமயிர். நான் அந்தப் பிள்ளையைத் தாண்டிப் பின்னால் என் பிள்ளையைத் தேடினேன். ஒரு கணம்தான். ஆனால் புஷ்பம் அதைக் கண்டுவிட்டாள்.

"சூசி, ஆரெண்டு தெரியுதோ?" என்று குனிந்து கேட்டாள்.

சூசியாம்! அப்பா பஞ்சாங்கம் பார்த்து வைத்த பெயர் சுகந்தினி.

பிள்ளை புஷ்பத்தின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஹலோ பெரியம்மா," என்றாள்.

பெரியம்மா என்றால் தாயின் அக்கா. நான் புஷ்பத்தைப் பார்த்தேன்.

"சத்தியமாய் நான் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. என்ர அக்கா வாறா எண்டு சொன்னன். மம்மின்ர அக்கா பெரியம்மாதானே எண்டு அவளே சொல்லிப்போட்டாள்."

"அப்ப நீ மம்மி."

"பள்ளிக்கூடத்திலை எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரு மம்மி இருக்கு. தனக்கும் ஒண்டு வேணுமெண்டு நிண்டாள். நான் என்ன செய்ய?"

"இஞ்சை நாலு நாளாய் மழை இல்லை மச்சாள்," என்று இரத்தினசிங்கம் இடையில் விழுந்தார். அவர் அந்த ஊர்க் கவுன்சிலில் கணக்காளர். நல்ல மனுசன். எங்கே சண்டை மணக்கிறதோ அங்கே வானிலை பற்றிக் கதைப்பார்.

காரில் பிள்ளை முன்னுக்குப் புஷ்பத்தின் மடியில் இருந்தாள். பின்னுக்கு நானும் என் பையும். தெரு வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, வேலிக்குள் காட்டு ரோசா, வேலி விட்ட இடத்தில் பார்லி வயலும் அதற்குள் சிவப்புப் பூக்களும். ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளை எதையோ காட்டி இங்கிலீசில் கீச்சிட்டாள். அது குதிரைப் பண்ணை, அது ஆமி விமானம் விழுந்த குளம், அது மம்மியும் தானும் வாத்துக்குப் பாண் போடும் இடம். ஒரு வேலியைக் கண்டு வயிறெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கொடுத்தேன். பிள்ளை ஆசையாகத்தான் வாங்கினாள். தலைக்குள்ளால் போட்டாள். தோளில் இறுகி நின்றுவிட்டது. கையும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. முகம் மூடியபடி மஞ்சள் துணிக்குள் நின்று, "மம்மி!" என்று கத்தினாள். நான் எழும்புவதற்குள் புஷ்பம் ஓடிப்போய் இழுத்துக் கழற்றினாள்.

"இஞ்சத்தைப் பால் அக்கா. பிள்ளையள் வாழைக்குட்டி மாதிரி வளருதுகள்."

அவள் பால் ஊற்றி வளர்த்திருக்கிறாள், நான் வேறொருத்தியின் பிள்ளையை அளந்துகொண்டு இருந்திருக்கிறேன். சட்டை கதிரை முதுகில் கிடந்தது. அன்று இராச்சாப்பாட்டில் நான் அதைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தேன். இரத்தினசிங்கம் டென்மார்க்கில் பனி எப்போது தொடங்கும் என்று விசாரித்தார்.

மறுநாள் சனிக்கிழமை, சந்தை நாள். ஊரின் பெயர் ஹாலிங்ஃபோர்ட். பழைய சந்தைப் பட்டினம். எழுநூறு வருடமாக அதே சதுக்கத்தில் சந்தை கூடுகிறதாம். புஷ்பம் அந்தச் சதுக்கத்தைத் தனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி மாதிரிக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

"இதுதான் மார்க்கெட் குறொஸ். முந்தி இதுக்குக் கீழை இருந்துதான் வெண்ணெய் வித்தவையாம். அந்த வீட்டைப் பார் அக்கா, எப்பிடிச் சரிஞ்சு நிக்குது! ஐந்நூறு வருசமாய் விழேல்லை."

எட்டு மூலைக் கல் மண்டபம், உச்சியில் ஒரு இரும்புச் சேவல். சுற்றிவரக் கறுத்த மரச் சட்டம் வைத்த வீடுகள், இடையில் இளஞ்சிவப்புச் சாந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நின்றன. தெருக் கடைசியில் ஊருக்கு மிஞ்சிய ஒரு தேவாலயம், ஆட்டுமயிர் விற்றுப் பணம் சேர்த்தவர்கள் கட்டியதாம். வடிவாகத்தான் இருந்தது. அது வடிவாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இக்காஸ்டில் என் யன்னலைத் திறந்தால் தொழிற்சாலைச் சுவரும் சைக்கிள் கொட்டிலும் தெரியும். இந்தப் பிள்ளையை இங்கிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் அந்தச் சுவருக்கு முன்னால் இருத்தப்போகிறேன். ஏன் என்று நாளைக்குக் கேட்டால் என்ன சொல்ல?

"டென்மார்க்கிலை ரீபெ எண்டொரு பட்டினம் இருக்கு," என்றேன் நான். "அது இதைவிடப் பழசு. அங்கை வீட்டுக் கூரையிலை நாரை கூடு கட்டும்."

பிள்ளை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "உண்மையான நாரையோ? பெரியம்மா கண்டீங்களோ?"

"எத்தினை தரம்!"

ரீபெயை நான் மொழிப்பள்ளிப் புத்தகத்தில் படமாகத்தான் கண்டிருந்தேன். இருக்கட்டும். அவள் கேட்டாளே, அது போதும்.

சந்தையில் எல்லோருக்கும் புஷ்பத்தைத் தெரிந்திருந்தது. சீஸ்காரி கையசைத்தாள், மீன்காரன் தொப்பியைத் தூக்கினான். ஸ்ட்ரோபெரி விற்கிற ஜிம் என்கிற பெரிய உடம்புக்காரர், "வா சூசி," என்று பிள்ளையின் கை நிறையப் பழம் கொடுத்தார். பிறகு புஷ்பத்தைப் பார்த்து, மகள் உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும். புஷ்பம் இல்லை என்று சொல்லவில்லை. சும்மா சிரித்தாள். என்னைக் காட்டி, "மை சிஸ்டர்," என்றாள்.

எனக்கும் ஒரு பழம் நீட்டினார் ஜிம். "தக்," என்றேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் டேனிஷ் வருகிறது! பிள்ளை கலகலவென்று சிரித்தாள். புஷ்பமும் சிரித்தாள். அந்தப் பழம் புளிக்கவில்லை, ஆனால் எனக்குப் புளித்தது.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் வைத்துக் கேட்டேன். "அந்தாள் மகள் எண்டு சொல்லேக்கை ஏன் பேசாமல் நிண்டனி?"

"சந்தைக்குள்ளை நிண்டு முழுக் கதையும் சொல்லுறதோ அக்கா?"

"முழுக் கதை என்ன? 'இவதான் தாய்' எண்டு சொல்ல எத்தினை சொல்லு வேணும்?"

அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழங்கை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நடக்கப் போனோம். வயல்களுக்கு நடுவால் யாரும் போகலாம் என்று அங்கே ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. வேலி வரும் இடங்களில் ஏறி இறங்க மரப்படி போட்டிருக்கிறார்கள். பிள்ளை முயல் மாதிரித் தாவினாள். புஷ்பமும் காற்சட்டை போட்டுக்கொண்டு பின்னால் தாவினாள். நான் சேலையோடு படியில் ஏறி, தடுக்கி, மறுபக்கத்துச் செடிகளுக்குள் கையை ஊன்றிவிட்டேன். காஞ்சோண்டி! முழங்கை வரை திகுதிகுவென்று எரிந்தது. "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

பிள்ளை ஓடிவந்தாள். வேலியடியில் எதையோ தேடிப் பிடுங்கி, அகலமான ஒரு இலையைக் கசக்கி என் கையில் தேய்த்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை என்னைத் தொட்டாள். சின்ன விரல்கள், நகத்துக்குள் மண். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். எரிவு குறைந்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

"இப்ப நல்லமோ?" என்றாள். "இந்த இலை எப்பவும் காஞ்சோண்டிக்குப் பக்கத்திலைதான் முளைக்கும். மம்மி காட்டித் தந்தவ."

பார்த்தீர்களா? என் பிள்ளை எனக்குச் செய்த முதல் காரியம். அதுவும் அவள் படிப்பித்தது!

அன்று பின்னேரம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. சாப்பாடு வேண்டாம் என்று சோபாவில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் மருந்து கொடுத்தோம். வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, அங்கே கோடையில் வெயிலுக்கு வீட்டுக்குப் போக மனமில்லை. நான் மேலே போய் ஒரு போர்வை எடுத்துக்கொண்டு வந்தேன். படியில் இறங்கும்போது குசினியில் புஷ்பமும் இரத்தினசிங்கமும் குசுகுசுப்பது கேட்டது.

"முச்சந்தி மண் எங்கை இருக்கு? எல்லாம் கல்லுப் பதிச்சிருக்கு," என்றார் அவர்.

"மார்க்கெட் குறொஸடியிலை மூண்டு தெரு சந்திக்குதுதானே."

"அங்கை பூச்சாடிதான் இருக்கு. கவுன்சில் பூச்சாடி, புஷ்பம். அதுக்குள்ளைதான் கரண்டி போட்டு அள்ளிக்கொண்டு வந்தனான். ஆரும் கண்டிருந்தால் நாளைக்கு நான் எப்பிடி வேலைக்குப் போறது?"

நாவூறு கழிக்கப் போகிறார்கள் என்று விளங்கியது. கண்ணூறு பட்ட பிள்ளைக்குச் செத்தல் மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் சேர்த்துத் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் வழக்கம். மிளகாய் கமறி இருமல் வந்தால் கண்ணூறு ஒன்றுமில்லை. கமறாமல் கருகினால் யாருடைய கண்ணோ பட்டிருக்கிறது. நல்ல காரியம்தான் என்று கதவடியில் நின்றேன். புஷ்பம் சோபாவுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையின் தலையைச் சுற்றினாள்.

"ஊர்க்கண், உறவுக்கண், கண்ட கண், காணாத கண், நாய்க்கண், பேய்க்கண்..." ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "பெத்த கண். துப்பு பிள்ளை."

பிள்ளை துப்பினாள். போர்வை என் கையிலிருந்து விழுந்தது.

"ஆரின்ர கண்?"

புஷ்பம் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா... இது சும்மா சொல்லுற முறை. அம்மாவும் இப்பிடித்தான்."

"அம்மா நாய்க்கண் பேய்க்கண்ணோடை நிப்பாட்டுறவ. பெத்த கண்ணோ? நான் பெத்த பிள்ளைக்கு என்ர கண்ணோ படுறது?"

அவள் விறுவிறுவென்று குசினிக்குள் போய், பழைய தாச்சியை அடுப்பில் வைத்து, கையிலிருந்ததைக் கொட்டினாள். நான் பின்னாலேயே போனேன். இரத்தினசிங்கம் யன்னலடியில் ஒதுங்கினார்.

"சொல்லு! என்ர கண்ணோ?"

"ஓம், உன்ர கண்தான்!" புஷ்பம் கத்தியதை நான் அன்றுதான் கேட்டேன். "வந்த நேரம் துவக்கம் எப்பிடிப் பாக்கிறாய் எண்டு உனக்குத் தெரியுமோ? நான் அவளுக்குச் சோறு தீத்தினால் பாக்கிறாய். தலை இழுத்தால் பாக்கிறாய். அவள் என்னோடை சிரிச்சால் உன்ர முகம் கறுக்குது."

"என்ர பிள்ளையை நான் பாக்கக் கூடாதோ?"

"நீ பிள்ளையைப் பாக்கேல்லை அக்கா. என்னைத்தான் பாக்கிறாய்."

அடுத்த கணம் எல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது.

"ஓம், பாக்கிறன்! எனக்கு எரியுது! உன்ர வீட்டைப் பாக்க எரியுது, உன்ர சந்தையைப் பாக்க எரியுது, வேலியைப் பாக்க எரியுது! அவளுக்கு முதல் பல்லு விழேக்கை ஆர் பக்கத்திலை இருந்தது? நீ! அந்தப் பல்லு எங்கை எண்டும் எனக்குத் தெரியாது. எரியாமல் என்ன செய்யும்?"

அப்போதுதான் மிளகாய் பிடித்தது. புஷ்பம் ஆத்திரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டிருக்கிறாள். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. தொண்டையைப் பிடித்து நெரித்தது. இரத்தினசிங்கம் இருமி இருமி யன்னலைத் திறந்தார். புஷ்பம் சேலைத் தலைப்பு இல்லாமல் மேசைத் துணியால் மூக்கைப் பொத்தினாள். எனக்குக் கண் தெரியவில்லை. ஆனால் சந்தோசம் தாங்கவில்லை.

"கமறுது! பாத்தியோ, கமறுது! என்ர கண் இல்லை! கமறுதடி!" என்று இருமிக்கொண்டே குதித்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? யன்னலால் புகை வருகிறது, உள்ளே இரண்டு பெண்கள் அலறுகிறார்கள். அவள் தீயணைப்புக்குப் போன் பண்ணிவிட்டாள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவர, சிவப்பு வண்டி அலறிக்கொண்டு அந்த ஒடுக்கமான தெருவுக்குள் வந்து நின்றது. தெரு முழுக்கச் சனம். சின்ன ஊர்களில் தீயணைப்புக்கு ஊராட்கள்தான் போவார்களாம். தலைக்கவசத்தோடு முதலில் இறங்கியவர் ஸ்ட்ரோபெரி ஜிம். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, தாச்சியைக் கையில் பிடித்தபடி இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன இது?" என்று கேட்டார்.

புஷ்பத்துக்குச் சந்தையே தெரியும், சரித்திரம் தெரியும், அதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. என் தோளில் சாய்ந்திருந்த பிள்ளைதான் இங்கிலீசில் சொன்னாள். "கண்களை எரிச்சவை."

ஜிம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் காய்கிறது, புகையும் போயிருக்கும், டொக்டரிடம் காட்ட வேண்டும், தாய்தான் கூடப் போக வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிப் புஷ்பத்திடம் நீட்டினார். பிள்ளையும் புஷ்பத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

புஷ்பம் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். தெருச் சனம் முழுக்கக் கேட்கும்படியாக இங்கிலீசில், "நான் இல்லை," என்றாள். "இவதான் தாய். என்ர அக்கா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக டென்மார்க்கிலையிருந்து வந்தவ."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். அதையும் அவள் கையால்தான் வாங்க வேண்டியிருந்தது. என் முழு வாழ்க்கையிலும் அவளைக் கண்டு நான் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. நான் அவள் இடத்தில் நின்றிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

டொக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றார். இரண்டு நாளில் பிள்ளை எழும்பி ஓடித் திரிந்தாள். புஷ்பம் ஒரு சொல் பிழையாகப் பேசவில்லை. தலை இழுக்கும் நேரம் வந்தால் சீப்பை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

துறைமுகத்தில் பிள்ளை அழுத அழுகையை எழுத எனக்கு விருப்பமில்லை. காலுறை கரண்டை வரை இறங்கிவிட்டது, புஷ்பத்தின் பாவாடையைப் பிடித்த கையை இரத்தினசிங்கம்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். கடலில் அலை குறைவு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். புஷ்பம் ஒரு பையை என்னிடம் தந்தாள்.

"அடியிலை பேப்பருக்குள்ளை செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி வைச்சிருக்கிறன். மண்ணும் கிடக்கு. வீட்டை போனவுடனை பிள்ளைக்குச் சுத்திப் போடு."

"என்னத்துக்கு?"

"இனி என்ர கண்தானே படும்," என்று சொல்லிவிட்டுப் போய்க் காருக்குள் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கப்பலில் பிள்ளை என்னோடு கதைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்டைக்குப் புகைக்குள்ளை ஏன் பெரியம்மா சந்தோசமாய்க் குதிச்சீங்கள்?"

"கமறினால் கண்படேல்லை எண்டு அர்த்தம் அம்மா. ஒருத்தரும் பிழையான பார்வை பாக்கேல்லை எண்டு அர்த்தம்."

அவள் யோசித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

இக்காஸ்டில் தேவராசா மகளைக் கண்டதும் விக்கி விக்கி அழுதார். அவள் அவருக்குக் கை கொடுத்தாள். பிறகு யன்னலடியில் போய் இருந்துகொண்டு தொழிற்சாலைச் சுவரைப் பார்த்தாள். நாரை எங்கே என்று கூடக் கேட்கவில்லை. நான் புஷ்பத்தின் பையைப் பிரித்தேன். உடுப்புகளுக்கு மேலே என் மஞ்சள் சட்டை. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அந்த ஊர் வீடுகளின் நிறத்தில் இளஞ்சிவப்புத் துணி வைத்துப் பெருப்பித்திருந்தாள். தையல் கோணல் மாணல். எங்கள் தொழிற்சாலையில் அப்படித் தைத்தால் அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அதைப் பிரிக்கவில்லை.

அடியில் இருந்த பொட்டலத்தை எடுத்து, பிள்ளையைக் கதிரையில் இருத்திச் சுற்றினேன். "ஊர்க்கண், உறவுக்கண், கண்ட கண், காணாத கண், பெத்த கண்..." அங்கே கொஞ்சம் நின்றேன். "வளர்த்த கண்." நான் சொல்லாமலே பிள்ளை துப்பினாள். இங்கேயும் தீயணைப்பு வண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில் யன்னல் முழுவதையும் திறந்து வைத்துவிட்டுத் தாச்சியில் போட்டேன். மிளகாய் கறுத்தது, சுருண்டது, கரியானது. நான் குனிந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். கமறவே இல்லை.

"காத்துக் கொண்டுபோட்டுது தவம்," என்றார் தேவராசா.

காற்றோ கண்ணோ, யார் கண்டது?

அந்த நேரம்தான் போன் அடித்தது. புஷ்பம். போய்ச் சேர்ந்தீர்களோ என்று கேட்கவில்லை, பிள்ளை சாப்பிட்டாளோ என்று கேட்கவில்லை.

"சுத்திப் போட்டனியோ அக்கா? கமறினதோ?"

இல்லையடி, கமறேல்லை, உன்ர கண்தான் என்று சொன்னால் போதும். ரிப்பன், தோடு, பல்லு, பெரியம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடி. சொல் நாக்கு நுனியில் நின்றது. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

"கமறினது," என்றேன். "வீடு முழுக்கப் புகை. இருமி முடியேல்லை." சொல்லிவிட்டு இருமிக் காட்டினேன். எனக்குப் பொய் இருமல் வராது, கனைப்பு மாதிரித்தான் வந்தது.

"உண்மையாவோ அக்கா?" அவள் நம்பவில்லை.

யன்னலடியில் இருந்த பிள்ளை எழும்பி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எட்டி ரிசீவரைத் தன் வாய்க்குக் கிட்ட இழுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள்.

"சரியாய்க் கமறுது மம்மி!" என்றாள். இன்னும் ஒரு தடவை இருமினாள்.

மம்மி என்றது எனக்குச் சுரீர் என்று குத்தியது. குத்தட்டும். இந்த இருமலை அவளுக்குப் புஷ்பம் படிப்பிக்கவில்லை. நானும் அவளோடு சேர்ந்து இருமினேன். இரண்டு பேரும் ஒரே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இருமுவதைக் கேட்டு, தேவராசா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார்.